மாதிரி

பிச்சாவரத்தில் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து
குழாயைச் சேற்றில் இறக்கினோம்.
முதல் மீட்டர் வெண்ணெய்.
இரண்டாவதற்கு லூர்துநாதன் தொங்கினார்,
படகோட்டி கன்னியப்பன் தொங்கினார்,
நானும் என் ஐம்பத்தெட்டு கிலோவைக் கொடுத்தேன்.
மூன்றாவதில் குழாய்
யாரையும் கேட்காமல் நின்றுவிட்டது.

திறந்தால் அழுகிய முட்டை நாற்றம்.
கறுப்பு, கறுப்பு, பழுப்பு.
மேலிருந்து ஒரு சாண் கீழே மட்டும்
விரல் அகலத்துக்கு வெள்ளை மணல்.
"இது அந்த ஞாயித்துக்கெழம" என்றார் கன்னியப்பன்,
துடுப்பைப் பார்த்துக்கொண்டு.
நான் குறிப்பேட்டில் எழுதியது:
மணல், 17–19 செ.மீ.

புதுச்சேரியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி,
சேற்றை அமிலத்தில் வேகவைக்கிறோம்.
சிப்பி கரையும். மணல் கரையும். வேர்நார் கரையும்.
மகரந்தத்தின் தோல் மட்டும் மசியாது.
உள்ளே இருந்ததெல்லாம் போய்
பழுப்பேறிய வெறுங்கூடு.
உமி போல என்று சொல்ல வாய் வருகிறது,
உமி இதன் பக்கத்தில் ஒரு மலை.

ஒரு தகட்டுக்கு முந்நூறு எண்ண வேண்டும்.
சுரபுன்னை, சுரபுன்னை, வெண்கண்டல், உமிரி,
சுரபுன்னை, ஒரு புல்.
புல் நாற்பது மைக்ரானைத் தாண்டினால்
நெல்லோ என்று பக்கத்தில் கேள்விக்குறி.
தில்லை:
சிதம்பரத்துக்குள் பெயராக மட்டும் நிற்கும் மரம்
இங்கே பதினொன்று.
சவுக்கு வந்தால் நிம்மதி.
கப்பலில் வந்த மரம் அது;
அது கிடக்கும் சேற்றுக்கு
இருநூறு வயசுக்கு மேல் இருக்காது.

அடுத்த அறையில் நஜ்முன்னிசா, பரங்கிப்பேட்டைக்காரி.
என் எண்களை வாங்கி மழையாக்குகிறாள்.
அவள் கணினியில் உலகம் கட்டம் கட்டமாக இருக்கிறது.
ஒரே கட்டத்தில் புதுச்சேரி, கடலூர், நெய்வேலிச் சுரங்கம்,
அவள் அம்மா வீடு, பாதிக் கடல்.
அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஐப்பசி.
இப்படியா பெய்யும் என்றால் சிரிப்பாள்:
"இந்தத் தெருவுல பெஞ்சா அடுத்த தெருவுல பெய்யாது,
எனக்குத் தெரியும். கட்டத்துக்குத் தெரியாது."

சேற்றில் வெட்டியெடுத்த இரண்டு சென்டிமீட்டர், மாதிரி.
இரவெல்லாம் அவள் ஓடவிடும் சமன்பாடுகள், அதுவும் மாதிரி.
மூவாயிரம் வருஷத்துக்கு முன்னே இங்க எப்படி இருந்துச்சு
என்று கன்னியப்பன் கேட்டபோது
நான் ஆரம்பித்த விதம்,
"இப்ப கோடியக்கரைப் பக்கம் இருக்குல்ல, அந்த மாதிரி..."
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
மூன்று வேலை பார்க்கிறோம்.

போன வாரம் எங்களுக்குள் சண்டை.
உமிரி கூடியிருக்கிறது, உப்பு ஏறியிருக்கிறது,
மழை பொய்த்த நூற்றாண்டு என்கிறேன் நான்.
அவளுடைய மாதிரியில்
அதே நூற்றாண்டு கொட்டித் தீர்க்கிறது.
டீ ஆறும்வரை இருவரும் பேசவில்லை.
பிறகு அவள்தான்,
"ஆறு வழி மாறியிருந்தா?"
மழை இருந்திருக்கலாம்; அது வரும் வழி
வேறெங்கோ போயிருக்கலாம்.
கொள்ளிடத்தைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது.
வரைபடத்தில் அந்த இடத்தில்
சாம்பல் பட்டையைத் தடிமனாக்கினோம்.
பட்டை தடித்தால்
எங்களுக்குத் தெரியாது என்று பொருள்.
கருத்தரங்கில் அதைக் கௌரவமாகச் சொல்ல
வேறு வார்த்தைகள் உண்டு.

இன்று, இருநூற்று எண்பத்தெட்டுக்குப் பிறகு,
வேம்பு.
உப்புச் சதுப்பில், இவ்வளவு ஆழத்தில் வேம்பா?
ஒரு கணம் வயிற்றில் ஏதோ புரண்டது,
புதிய கட்டுரை, புதிய வரைபடம்.
குவியத்தை மெல்லத் திருகினேன்.
கூடு இல்லை அது. உள்ளே சரக்கு இருந்தது,
அமிலத்தைப் பார்க்காத சரக்கு.
சித்திரை. ஜன்னல் திறந்து கிடந்திருக்கிறது.
தகட்டை மூடுவதற்கு முன்
தெருமரம் ஒன்றை உள்ளே போட்டிருக்கிறது.

எண்ணக் கூடாது. எண்ணவில்லை.
ஓரத்தில் தேதியை மட்டும் குறித்தேன்.
எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்,
மின்விசிறியும் கூடாது என்பதால்
கழுத்தில் வியர்வை இறங்கியது.

இருநூற்று எண்பத்தொன்பது:
சுரபுன்னை.