நூற்றியோராவது சொல்

கெய்யோன் துறையில் படகுச்சீட்டு விற்கிறாள்
எதுவினா கார்காமோ.
இரவுப் பணி. கூண்டின் கண்ணாடிக்கு அப்பால்
சிலே தேசம் தெற்கே துண்டுதுண்டாக உடைகிற இடம்.
மழை இங்கே பெய்வதில்லை, குடியிருக்கிறது.

ஒரு படகுக்கும் அடுத்த படகுக்கும் இடையில்
அவள் பத்திரிகை நடத்துகிறாள்.
தாள் கிடையாது, மை கிடையாது,
மூலையில் விரிசல் விட்ட கைபேசி ஒன்றுதான்.
பத்திரிகையின் பெயர் மிடறு.
சட்டமும் ஒன்றே: கதை நூறு சொல்லைத் தாண்டக்கூடாது.
தலைப்பு கணக்கில் சேராது. சன்மானம் கிடையாது.
சலுகையும்.

வருகின்றன கதைகள்.
சந்தியாகோவின் பல்மருத்துவர் வாரம் மூன்று அனுப்புவார்,
எல்லாவற்றிலும் கடைசி வரியில்
பேசிக்கொண்டிருந்த ஆள் எப்போதோ செத்தவர்.
மெந்தோசாவிலிருந்து ஒருத்தி,
அவளுடைய ஆட்கள் விழித்தெழுந்துகொண்டே இருப்பார்கள்.
அளவு குறைந்த மீனைக் கடலில் விடுவதுபோல
கட்டைவிரலால் ஒதுக்குவாள் எதுவினா,
கோபமில்லாமல்.

ஆகஸ்டில், இரவு இரண்டேகாலுக்கு,
எரிபெர்த்தோ மிய்யாலோன்கோ எழுதியது வந்தது.
சிப்பிப் பண்ணையில் முக்குளிக்கிறவன்.
முற்றுப்புள்ளிக்கு முன்னால் இடம் விடுகிறவன்,
மூச்சுக்கு இருக்கலாம்.

தம்பி படகில் ஏறுகிறான். படகு தோனினா.
உருளைக்கிழங்கு நான்கு மூட்டை,
அக்கரையில் யாருக்கோ ஒரு பழைய தையல் இயந்திரம்.
அண்ணன் கரையில் கயிற்றைச் சுருட்டுகிறான்.
தம்பி ஏதோ கத்துகிறான், காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோகிறது.
கையில் ஈரக் கயிறு.
தோனினா திரும்பவில்லை.

எண்ணினாள்.
தெர்மாஸைத் திறந்து, மூடி, மறுபடி எண்ணினாள்.
நூற்றியொன்று.

‘ஒரு சொல் மிகுதி’ என்று எழுதினாள்.
‘ஈரம்’ போகலாம். இந்த ஊரில் காய்ந்த கயிறு எங்கே இருக்கிறது?
இல்லையென்றால் ‘பழைய’.
புதுத் தையல் இயந்திரத்தை யார் கண்டார்கள்?

மூன்று நாள் பதில் இல்லை.
கால்வாய்களுக்குள் சிக்னல் கிடைக்காது.
அவள் சீட்டுக் கிழித்தாள்,
ஒரு குதிரைக்குச் சரக்குக் கட்டணம் போட்டாள்,
நூறு என்று வைத்தது யார் என்று யோசித்தாள்.
அவள்தான்.
எதற்கு என்பது நினைவில்லை.

நான்காம் நாள் திருத்தம் வந்தது.
‘இப்போது நூறு’ என்று மட்டும் மேலே.
ஈரம் அங்கேயே இருந்தது. பழைய, அதுவும்.

அவர்கள் மொழியில் ‘இல்லை’ ஒரு தனிச்சொல்.
இரண்டே எழுத்து, வினைக்கு முன்னால் வந்து
வாசலில் கைநீட்டி மறிக்கும்.
நம்முடையதைப்போல வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு
கடைசி அசைவரை நம்பவைத்துக் கவிழ்ப்பதில்லை.
சும்மா எடுத்துவிடலாம்.
தழும்புகூடத் தெரியாது.

தோனினா திரும்பியது.

மேசை இழுப்பறையில் இருக்கிறது புறப்பாட்டுப் பதிவேடு.
ஜூன் பதினாறு. தோனினா. காலை ஆறு நாற்பது.
அவள் கையெழுத்து.
பக்கத்துக் கட்டம் வெள்ளை.

இது வேறு கதை என்று சொல்லியிருக்கலாம்.
முடிவில் வலுவில்லை என்று,
பல்மருத்துவருக்குச் சொல்வதுபோல.
இன்னொரு தடவை எண்ணினாள்,
சரியாக இருந்தது.
வியாழக்கிழமை வெளியிட்டாள்.

முதல் கடிதம் சந்தியாகோவிலிருந்து:
‘படகு போகிறது, படகு வருகிறது.
இதில் கதை எங்கே அம்மணி?’

பதில் தட்ட ஆரம்பித்து
ஐந்தாம் சொல்லில் நின்று
அழித்தாள்.
யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.
நனைந்த தொப்பி, கையில் சில்லறை,
மெலிங்காவுக்கு ஒரு சீட்டு.

போகவா, என்று கேட்டாள்,
போய்வரவா.