நடுக் கடிகாரம்

காலை ஐந்தரை. மூஸ் ஜாவில்
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
இரவெல்லாம் எஞ்சினுக்கு மின்சாரம் ஊட்டி
காரை எழுப்பிக் கொண்டுவந்திருக்கிறேன்,
பின்னிருக்கையில் தூங்கும் மகளையும்
வழியில் ஏற்றிக்கொண்ட அவள் தோழியையும்.

கதவைத் திறந்ததும் குளத்தின் வெக்கை
மூக்குக் கண்ணாடியில் படிகிறது.
துடைத்துவிட்டுப் பார்க்கிறேன்:
பலகையில் ஜனவரிப் பட்டியல்.

குளத்தை நிற்காமல் கடக்கும்வரை எல்லோரும் பொடிமீன்.
கடந்துவிட்டால் நீர்நாய்.
நூறு மீட்டரை ஒரு நிமிடம் பதினெட்டுக்குள் முடித்தால்
பைக். பல் உள்ள மீன்.
வயது கேட்பதில்லை, யார் பிள்ளை என்றும் கேட்பதில்லை,
கடிகாரத்துக்கு ஒரே கேள்விதான்
என்பார் கோச் மார்கிட்.
நல்ல மனுஷி. அழுகிற பிள்ளைக்குத்
தன் துண்டையே எடுத்துக் கொடுப்பார்.
பட்டியலை மட்டும் மாற்றமாட்டார்.

லாரிஸா ஹ்னாட்யுக், பைக்.
என் மகள்.
ஜோலீன் கார்டினல், நீர்நாய்.

இரண்டு குளிர்காலமாக ஒரே தடம்.
ஜோலீன் முன்னால்,
ஐந்து நொடி விட்டு லாரிஸா.
முந்த நினைத்தால் முன்னால் போகிறவர் பாதத்தை
ஒரே ஒரு முறை தொடவேண்டும்,
அவர் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவார்.
என் மகள் தொட்டதே இல்லை,
தொட முடிந்த நாட்களிலும்.

டிசம்பர்ப் போட்டியில்
பெற்றோருக்கு இரண்டே வேலை:
பேன்கேக் விற்கலாம், இல்லையென்றால் நேரம் பிடிக்கலாம்.
தானியக் கிடங்கில் எடை போடுகிறவன்,
கை நிதானமாக இருக்கும் என்று
கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டினார்கள்.
நான்காம் தடம். ஜோலீன்.

தடத்துக்கு மூன்று பேர், மூன்று கடிகாரம்.
மூன்றும் மூன்று சொல்லும்.
குறைந்ததை விடு, கூடியதை விடு,
நடுவில் நிற்பதே நேரம்.
யாரோ நியாயஸ்தர் யோசித்த விதி.

பதினேழு தொண்ணூற்றொன்று என்றார் பல் டாக்டர்.
பதினெட்டு இருபத்திரண்டு என்றாள்
யாருடைய அக்காவோ, சூயிங்கம் மென்றபடி.
என்னுடையது பதினெட்டு பூஜ்யம் ஏழு.
அதைத்தான் எழுதிக்கொண்டார்கள்.

சொல்லிவிடுகிறேன்.
ஜோலீனின் விரல் சுவரில் பட்டபோது
என் கண் ஆறாம் தடத்தில் இருந்தது.
அங்கே ஒரு மஞ்சள் தொப்பி
அப்போதுதான் சுவரைத் தொட்டிருந்தது,
முதன்முறையாக ஜோலீனுக்கு முன்னால்.
கண் திரும்பி வந்து
கட்டைவிரலுக்குச் சொல்லி
அது அழுத்தியது.
இதற்கெல்லாம் எவ்வளவு நேரமாகும்?
கோதுமை லாரி ஏறி நின்றபின்
தராசு முள் கொஞ்சம் நடுங்குமே, அவ்வளவு.
நொடியை நூறாக நறுக்கினால்
அதில் எட்டுத் துண்டு.

கோச்சிடம் போனேன்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.
வெந்நீர்க் குழாய் சரியாகிவிட்டதா என்று கேட்டேன்.

இன்று முதல் தடத்தில் என் மகள் கடைசி.
சுற்றுக்கு ஒருமுறை யாராவது அவள் பாதத்தைத் தொடுகிறார்கள்,
சுவரோரம் ஒதுங்குகிறாள், இருமுகிறாள்,
மறுபடி இறங்குகிறாள்.
ஐந்தாம் தடத்தில் ஜோலீன் முதல் ஆள்.
அவளுக்கு முன்னால் வெறும் தண்ணீர்.
நான் பேன்கேக் விற்றிருக்கலாம்.

திரும்பும்போது இருவர் தலைமுடியும் உறைந்து
குச்சி குச்சியாக நிற்கிறது.
ஒருத்தி முடியை இன்னொருத்தி ஒடித்து விளையாடுகிறாள்.
முதல் தடம் எப்படி இருந்தது? ஜோலீன் கேட்கிறாள்.
ஒரே காலாக இருந்தது, என்கிறாள் இவள்.
சிரிக்கிறார்கள். பிறகு
ஜன்னலுக்கு ஒருத்தியாகத் திரும்பிக்கொள்கிறார்கள்.

கண்ணாடியில் அவர்களைப் பார்த்துக்கொண்டே
சிக்னலில் நிற்கிறேன்.
பச்சை விழுந்து எவ்வளவு நேரமோ.
பின்னால் நிற்கிறவர்
ஹாரனைத் தொடுகிறார்,
ஒரே ஒரு முறை.