இருபத்திரண்டு பல்

தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஏ.டி.வி.க்கு
போன வருஷத்து முன்பக்க டிஃபரன்ஷியல்.
பழைய தண்டில் இருபத்திரண்டு பல்,
புதியதில் இருபத்து நாலு.
நாலு போல்ட்டில் மூன்று சம்மதித்தன;
மிச்சத்தோடு அரை விரல் வழக்கு.

இர்யா இரண்டு தண்டையும் அறுத்தாள்,
பாதிகளை ஒரு குழாய்க்குள் செருகிப் பற்றவைத்தாள்.
வெளியே மிச்சிகனின் நவம்பர்.
"கோணலா இருக்கே" என்றான் வெய்கோ.
"சுத்தும்."

சுற்றியது.
ஆனால் பின்சக்கரம் ஒன்பதரை போவதற்குள்
முன்சக்கரம் பத்து.
சரளைச் சாலையில் வண்டி தன்னோடு தானே
மல்லுக்கட்டி முனகியது.
ஏரிப் பக்கம் பனி விழுந்ததும்
வாயை மூடிக்கொண்டது.
வழுக்குகிற இடத்தில் யார் கணக்குப் பார்ப்பது?

வெய்கோ சுட்ட மானை
மூன்று மைல் இழுத்து வந்தாள்.
அவன் கையுறையைக் கழற்றி
அந்தக் கோணல் வெல்டைத் தொட்டுப் பார்த்தான்.
வெதுவெதுப்பு.
கையை உடனே எடுக்கவில்லை.