சட்டத்துக்கு வெளியே ஒன்றரை அடி

சட்டம் செய்வது என் பிழைப்பு.
மரச் சட்டம்.
மற்றச் சட்டங்களைச் செய்தவர்கள்
நகர மன்றத்தில் இருந்தார்கள்.
அவர்கள் அளவெடுத்தது எங்களைத்தான்.

1974, பிப்ரவரி, பிட்ஸ்பர்க்.
ஆற்றோர ஓட்டல் ஒன்று தன் முன்கூடத்துக்கு
ஜாஸ் ஓவியம் கேட்டது.
இரண்டு பளிங்குத் தூண்களுக்கு நடுவே
ஆறடிக்கு நாலடி.
"கொண்டாட்டமாக இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார்கள்.
வெர்டெல் கடிதத்தை இருமுறை படித்துவிட்டு
அதன் பின்புறத்தில்
லூசியஸ் பெட்வேயின் காதை வரைந்து பார்த்தாள்.

கறுப்புக்கென்று அவளிடம் தனிக் குழாய் கிடையாது.
கடையில் விற்பது செத்த கறுப்பு என்பாள்.
இமஜீனின் கன்னத்துக்கு முதலில் செங்கல் சிவப்பு,
அது காய்ந்தபின் நீலம்,
மேலே காப்பிக் கசடு.
டிரம்ஸ்காரன் ஆர்விலின் புறங்கையில் கத்தரிக்காய் ஊதா.
பாஸ் வாசித்த ஹோசியாவின் நெற்றி
இரவு பத்து மணி வானம்,
உருக்காலையில் உலை திறக்கும் நேரம்.
லூசியஸுக்கு மட்டும் ஒன்றும் பொருந்தாமல்
ஒரு வாரம் ஓடியது.
என் கோந்துச் சட்டியின் அடியைச் சுரண்டி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள்
"இவன்தான்" என்றாள்.

இமஜீன் அந்தப் படத்தில் பாடவில்லை.
வாய் மூடி, தலை சாய்த்து
அவன் முடிக்கக் காத்திருக்கிறாள்.

லூசியஸ் குள்ளன். கையும் கட்டை.
டிராம்போனில் ஏழாவது இடத்துக்குக்
குழல் முழுதும் நீள வேண்டும்.
நெட்டையர்கள் சும்மா கை நீட்டுவார்கள்.
இவன் தோளைக் கழற்றிக் கொடுப்பான்,
இடுப்பைத் திருப்பி,
ஒரு குதிகாலைத் தூக்கி,
கிளம்பிவிட்ட பஸ்ஸின் கம்பியை எட்டுகிறவன்போல.
அந்த ஸ்வரம் வந்தால்
மேசைமேல் தம்ளர்கள் முணுமுணுக்கும்.

இதே ஓட்டலில் பதினோரு வருஷம் வாசித்தான்.
மேடைக்குப் போக வழி சமையலறை.
மேடையிலிருந்து திரும்ப வழி சமையலறை.
ஷூவில் வெங்காயத் தோல் ஒட்டியிருக்கும்.
செத்துப்போகிறவரை
அந்த முன்கூடத்துப் பளிங்கை அவன் மிதித்ததில்லை.

மார்ச் கடைசியில் என்னைக் கூப்பிட்டாள்.
துணி முடிந்துவிட்டது, கை முடியவில்லை.
மணிக்கட்டோடு நின்றது.
ஓட்டல் ஆள் வந்து பார்த்தார். நல்ல மனிதர்.
தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் சொன்னார்:
"முழங்கையைக் கொஞ்சம் மடக்கிவிட்டால் போதுமே."
வெர்டெல் தூரிகையைத் துடைத்தாள்.
நெடுநேரம் துடைத்தாள்.
"மடக்கினால் அது வேறு ஸ்வரம்."

வலப்பக்கச் சட்டத்தை நான் அறுத்தேன்.
இருபது வருஷத் தொழிலில்
செய்து முடித்த சட்டத்தில் ரம்பம் வைத்தது அன்றுதான்.
ஒன்றரை அடி வால்நட் பலகை சேர்த்தேன்.
அதில் அவன் விரல்களை வரைந்தாள்,
பித்தளை வளைவை,
வளைவின் நுனியில் தொங்கும் எச்சில் துளியையும்.

தூண் இடம் கொடுக்கவில்லை.
முன்பணத்தைத் திரும்பக் கேட்டுக் கடிதம் வந்தது,
மிக மரியாதையான கடிதம்.
தவணையில் கொடுத்தோம்.

இப்போது அது வைலி அவென்யூவில்
டோலிவர் சலூனில் இருக்கிறது.
அங்கேயும் சுவர் போதவில்லை.
பலகையைக் கழற்றிக் கதவில் அடித்தேன்.
கதவு திறந்தால் லூசியஸின் கை பிரிந்து தெருப்பக்கம் போகும்,
சாத்தினால் வந்து சேரும்.
சனிக்கிழமைகளில் கூட்டம்.
ஓயாமல் வாசிக்கிறான்.

நேற்று முகம் மழிக்க உட்கார்ந்திருந்தேன்.
யாரோ ஒரு பையன் தோளெல்லாம் பனியோடு வந்து
கதவைப் பாதியில் விட்டுவிட்டான்.
கத்தியை என் தாடைக்கு மேலே நிறுத்திக்கொண்டு
டோலிவர் அதட்டினார்:
"சாத்தப்பா!
அந்த மனுஷன் எவ்வளவு நேரம்தான்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான்?"