ஓர்வின்

வரைபடத்தில் ஆர்வின்.
தானியக் கிடங்கின் தகரச் சுவரில் ஓர்வின்.
முதல் எழுத்தில் கைதவறியது யார் என்று
வடக்கு டகோட்டாவில் இனி ஒருவருக்கும் தெரியாது.
இரண்டையும் குறித்துக்கொண்டேன், பென்சிலில்.

இடப்பெயர்ப் பதிவேடு சொல்வது:
வகை, குடியிருப்பு. நகர அந்தஸ்து, இல்லை.
ஏழு இலக்கத்தில் ஓர் அடையாள எண்.
அட்சரேகை தீர்க்கரேகை பிசகாமல் போனால்
டுவேன் ஓடகார்டின் வயல் நடுவே
துருப்பிடித்த விதைப்பு இயந்திரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.
"அங்கேதான் தபாலாபீஸ் இருந்தது,
இப்போ ஊர் கொஞ்சம் தள்ளி இருக்கு" என்கிறார்.

மேயர் கிடையாது. எல்லைக்கல் கிடையாது.
ஊர் எதுவரை என்றால்
வோல்க் வீட்டு நாய் காரைத் துரத்தி நிற்கும் இடம்வரை.
அதற்கும் வயதாகிவிட்டது.
டிரெய்லர் வரைக்கும்கூட இப்போதெல்லாம் வருவதில்லையாம்.

படிவத்தில் ஒரே கேள்வி, மற்றதெல்லாம் அதன் வால்:
ஏப்ரல் முதல் தேதி இங்கே எத்தனை பேர்?
நான் போய்ச் சேர்ந்ததோ மே பதினாறு.

பெர்னடீன் வோல்க் கதவைத் திறந்தாள்.
மேசையில் இரண்டு காப்பிக் கோப்பைகள், ஒன்று கவிழ்த்தபடி.
கிளெமன்ஸ் போனது ஏப்ரல் நான்கு,
நாற்காலியில், வானிலை அறிக்கைக்கு நடுவில்.
"அப்படியானால் அவர் உண்டு" என்றேன்.
விதி அப்படி.
"உண்டா?"
"உண்டு. பத்து வருஷத்துக்கு."
பிறந்த தேதி சொன்னாள். பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள்.
தொழில் கேட்கமாட்டீர்களா என்றாள்.
நாங்கள் கேட்பதில்லை.
இருந்தும் சொன்னாள்:
தண்டவாளத்துக்கு மேற்கே கோதுமை, கிழக்கே சூரியகாந்தி,
ஆலங்கட்டி விழுந்த வருஷம் மட்டும் பள்ளிப் பேருந்து.

ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை.
உள்ளே ஒருவர், அதற்கு டுவேன் சாட்சி.

டிரெய்லரில் மரிசேலா, எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போன கணவன்,
செருப்பை மாற்றிப் போட்ட ஒரு பையன்.
அப்புறம் நயேலி,
என் கழுத்து அட்டையைப் பிடித்து வாய்க்குள் திணிக்கப் பார்த்தவள்.
மைனாட் ஆஸ்பத்திரி, ஏப்ரல் இரண்டு, விடிகாலை ஒன்று நாற்பது.
"இவளை எண்ண முடியாது" என்றேன்.
மரிசேலா குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"நூறு நிமிஷத்துக்காகவா?"
அதற்கு நான் அச்சடித்த பதிலைச் சொன்னேன்.
அவள் தோளில் அது பால் கக்கியது.

கிடங்கின் நிழலில் வண்டியை நிறுத்திக் கூட்டினேன். ஏழு.
அந்த ஏழும் ஓர்வின் என்ற பெயரில் அச்சாகாது.
ஒரு தொகுதி எண்ணுக்குள் போகும்,
பக்கத்துப் பண்ணைகள் இரண்டோடும்,
காற்றைத் தடுக்க நட்ட எல்ம் மரங்களோடும்,
மரங்களை யாரும் எண்ணாவிட்டாலும்.

கிளம்பியபோது நாய் துரத்தியது.
மூச்சு வாங்க, பின்னங்கால் ஒன்றை இழுத்தபடி.
கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டினேன்.
கிடங்கு கழிந்தது. தண்டவாளம் கழிந்தது.
டிரெய்லரையும் தாண்டி வந்து,
சரளைக் கல்லில் நின்று,
ஒரு தடவை குரைத்தது.