மூன்று நொடிச் செவிடு

காலியாய் இருப்பது மூன்று இடம்.
பட்டியலில் பதினொரு விலங்கு.
ஔலு நகரத்தில் பிப்ரவரி; மணி நாலுக்கெல்லாம்
சன்னல் கறுத்துவிட்டது.
ஈரக் காலணிகளை வாசலில் விட்டுவிட்டு
கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்திருக்கிறோம்,
எதைக் கொல்லலாம் என்று.

ஓநாய், என்றார் தோர்ஸ்தி. விற்பது அவர் வேலை.
அட்டையில் ஓநாய் முகம் இருந்தால்
பெட்டி தானே நடந்து போய்விடுமாம்.
"கலைமான் மேய்க்கிறான் என் மைத்துனன்,
முதல் ஆளாக வாங்குவான்" என்றாள் எய்ரிகா.
"அதுதான் எனக்குப் பயம்."
ஓநாய் போயிற்று.

கரடி எல்லோரிடமும் இருக்கிறது.
வால்வரினை நேரில் பார்த்தவர்
அறையில் ஒருவரும் இல்லை.
ரக்கூன் நாய்க்கு மறுப்பே எழவில்லை:
எங்கிருந்தோ வந்து குடியேறியது, முட்டை திருடி,
சுட்டால் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.
எல்லாக் கையும் உயர்ந்தது.
என் கையும்தான். எழுதி வைக்கிறேன்.

அடுத்து பனிமுயல்.
சம்ப்சா நேற்றிரவே செய்து முடித்திருந்தான்.
திரையில் விட்டான்; ஓடியது, அழகாக,
மூன்று காலில்.
எங்கோ ஓர் எலும்பு இணைப்பு அறுந்து
பின்னங்கால் ஒன்று வயிற்றுக்குள் போய்விட்டிருந்தது.
நாலு இருக்கிறது, நன்றாகப் பாருங்கள் என்று
காது சிவக்கச் சாதித்தான்.
முயல் பிடித்தவன் பிடிவாதம்
இந்தக் குளிரிலும் அதேதான்,
கணக்கு மட்டும் தலைகீழ்.

மூன்றாவது, மெட்சோ.
காட்டுச் சேவல். வான்கோழிப் பருமன், தார் நிறம்,
கண்ணுக்கு மேல் சிவப்புக் கீற்று.
எத்தனை மீட்டரில் தலை தூக்கும், எத்தனையில் பறக்கும்,
காற்று திரும்பினால், சுள்ளி முறிந்தால்:
அச்சத்துக்கு எண் போடுகிறவள் நான்.

வசந்த விடியலில் பைன் கிளையில் நின்று அது பாடும்.
சொட்டுச் சொட்டாகத் தொடங்கி, வேகம் பிடித்து,
தக்கை பிடுங்கினாற்போல் ஒரு சத்தம்,
பிறகு கத்தி தீட்டும் ஒலி.
தீட்டும்போது அதற்குக் காது கேட்காது.
மூன்று நொடி.
அந்த மூன்று நொடியில் இரண்டு அடி வைப்பார்களாம் முன்பு,
பின் அசையாமல் நிற்பார்களாம்,
ஒற்றைக் காலில் என்றாலும்,
அடுத்த பாட்டு வரும் வரை.

"அது இல்லாவிட்டால் அது மெட்சோவே இல்லை."
"அது இருந்தால் ஒரு வாரத்தில் காடு காலி.
தவிர, வசந்தத்தில் சுடுவது குற்றம்."
"நம் வரைபடத்தில் ஏது வசந்தம்?" என்றார் தோர்ஸ்தி.
"அக்டோபர் மட்டும்தானே வரைந்திருக்கிறோம்."
உண்மைதான். பாட்டைத் தள்ளினோம்,
பறவையை வைத்துக்கொண்டோம்.
மடிக்கணினிகள் மூடப்பட்டன.

எல்லோரும் போன பிறகு எழுதினேன்:
மாதம் ஏப்ரல் எனில்,
பொழுது விடியல் எனில், பாடு.
பாட்டின் கடைசியில் கேளாதே.
ஒன்பது வரி. யாரும் கேட்கவில்லை,
ஊதியத்திலும் சேராது.
வரவே வராத மாதத்தில்
யாரும் அடியெடுத்து வைக்காத காட்டில்
ஒரு சேவல்,
தன் காதைத் தானே மூடிக்கொண்டு.

காலணி இன்னும் காயவில்லை.
வண்டி நிறுத்துமிடம் முழுக்கப் புதுப் பனி,
விளக்கைச் சுற்றி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.
இரண்டு அடி வைத்தேன்,
நின்றேன்.