தள்ளுபடி விகிதம்

ராஃபிள்ஸ் பிளேஸ், முப்பத்தோராம் மாடி.
ஏசிக் குளிருக்குக் கம்பளிச் சட்டையைப் போர்த்திக்கொண்டு
வெயில் நாடொன்றின் எரிவாயுவுக்கு
விலை போடுகிறேன்.

திரையில் செல்சோ நாந்தும்போ, அமைச்சகத்து ஆள்.
"இருபத்தைந்து ஆண்டுக்குத் தடையில்லா..."
என்னும்போதே படம் போய்விட்டது.
"மன்னியுங்கள். கரண்ட் கட்."

இருட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும்
குழாயின் வழியைச் சொல்லிக்கொண்டு வந்தது.
கடலடிக் கிணறு, கரை, கப்பல்.
அவர் ஊரில் அது
மூச்சு வாங்கவும் நிற்கவில்லை.

தேர்தல் எப்போது என்று கேட்டேன்.
டாலரை வெளியே கொண்டுபோக விடுவார்களா,
கலகக்காரர்கள் எத்தனை கிலோமீட்டரில்.
எல்லாப் பதிலையும் சுருட்டி
ஒரு கட்டத்துக்குள் வைத்தேன்:
பதினெட்டு சதவீதம்.

தேக்காவில் புடவைக்குத் தருகிற தள்ளுபடி அல்ல.
நீதிமன்றத்தில் மனுவுக்கு நேர்கிறதே, அது.
பத்தாம் ஆண்டின் நூறு வெள்ளி
இன்றைக்குப் பத்தொன்பது.
இருபத்தைந்தாம் ஆண்டின் நூறு,
கீழே காப்பிக்கடையில்
ஒரு கோப்பி ஓ.
அந்த ஆண்டில் அங்கே
யாருக்கு என்ன வயதாகும் என்பதற்கு
என் அட்டவணையில் வரிசை இல்லை.

"செல்சோ, இருக்கிறீர்களா?"
"இருக்கிறேன்.
உங்கள் பக்கம் வெளிச்சம் இருக்கிறதே,
நீங்கள் வாசியுங்கள். கேட்கிறேன்."

வாசித்தேன்.
பிரிவு பதினான்கு, உட்பிரிவு ஆ:
எந்நிலையிலும் முதலீட்டாளருக்கு
இழப்பு நேரா வண்ணம்...

அவருக்குப் பின்னால் யாரோ
இழுப்பறை ஒவ்வொன்றாகத் திறந்து
தீப்பெட்டி தேடும் சத்தம்.